காவலே பகையாகும்போது: எதிர்ப்பொருள் மருத்துவத்தின் வரலாறு

நோய்த் தடுப்பாற்றலை அரபியில் 'மனாஆ' என்பர். 'தடுத்தான்' என்று பொருள்படும் 'மனஅ' என்னும் வினையடியாகப் பிறந்த சொல் இது. வெளியிலிருந்து வரும் பகையைத் தடுப்பதே அதன் பணி. ஆயின் காவலனே வீட்டாரைப் பகைவரெனக் கருதித் தாக்கினால் என்னாவது? தன்னுடலையே தாக்கும் இத்தகைய நோய்களுள் ஒன்றே கைவிரல் மூட்டுகளை வீங்கச் செய்து, நாளடைவில் உருக்குலைக்கும் முடக்குவாதம்.

இராஜபாளையத்து நூற்பாலைகளிலும், அருகே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்களிலும், ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா அடுப்படிகளிலும் உழைப்போர்க்கு விரல்களே முதல். அறுந்த இழையை முடிய வேண்டிய விரல் காலையில் மடங்க மறுத்தால் அன்றைய கூலி இல்லை. எனவே இந்நோய்க்கு மருந்து கண்ட வரலாறு நமக்குத் தொலைதூரச் செய்தியன்று.

தடுப்பாற்றல் பற்றிய சிந்தனை பழைமையானது. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தித் தனி நூல் எழுதிய அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸி, ஒருமுறை பெரியம்மை கண்டவரை அது மீண்டும் அண்டாததற்குக் காரணம் தேடினார். துருக்கியில் வழங்கிய அம்மைப்பால் குத்தும் முறையை அங்கே கண்டறிந்த மேரி மாண்டேகு சீமாட்டி, 1721இல் இலண்டனில் தம் மகளுக்கே அதைச் செய்வித்தார். 1890இல் பெர்லினில் பேரிங்கும் கிட்டசாட்டோவும், நோயை எதிர்த்து நின்ற விலங்கின் குருதித் தெளிநீரில் நோய் நஞ்சை முறிக்கும் பொருள் உண்டென நிறுவினர். அதுவே எதிர்ப்பொருள்.

உடல் தன்னைத்தானே தாக்குவதைத் தவிர்க்கும் ஏற்பாடு உடலிலேயே இருக்க வேண்டும் என்றார் பால் எர்லிக். பின்வந்தோர் பலர் அதை, அத்தகைய நோயே இருக்கவியலாது என்பதாகக் கொண்டனர். 1956இல் தைராய்டு நோயாளரின் குருதியில் அச்சுரப்பிக்கே எதிரான எதிர்ப்பொருள் காணப்பட்ட பின்னரே அக்கருத்து தளர்ந்தது. எர்லிக் கருதிய அந்த ஏற்பாட்டின் ஒரு முக்கியக் கூறான கட்டுப்படுத்தும் டி அணுக்களைப் பற்றிய ஆய்வுக்கே 2025இன் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், எதிர்ப்பொருள் சுரக்கும் அணுவைப் புற்று அணுவுடன் இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாது தரும் அணுக்குடும்பத்தை உருவாக்கினர். அம்முறைக்கு அவர்கள் காப்புரிமை பெறவில்லை என்பது நினைக்கத்தக்கது.

இவ்வழியில் முடக்குவாதத்துக்கு மருந்து கண்டவருள் ஒருவர் நம் நாட்டில் பிறந்தவர். 1937இல் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் நாத் மைனி, உகாண்டாவில் வளர்ந்து, இங்கிலாந்தில் மருத்துவரானார். அவரும் மார்க் ஃபெல்ட்மனும் நோயுற்ற மூட்டுத் திசுவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து ஆராய்ந்தனர். அழற்சியைத் தூண்டும் பொருள்கள் பல இருந்தும், டி.என்.எஃப் என்ற ஒன்றைத் தடுத்தால் ஏனையவும் அடங்குவதைக் கண்டனர். 1992இல் இலண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் நோயாளர்க்கு இன்ஃப்ளிக்சிமாப் என்னும் எதிர்ப்பொருளைச் செலுத்தினர். முதல் ஆய்வில் பங்கேற்ற 20 பேரிடமும் வீக்கமும் வலியும் விரைவில் தணிந்தன. 1994இல் 73 பேரிடம் மருந்தையும் வெற்றுமருந்தையும் ஒப்பிட்ட ஆய்வு அதனை உறுதிசெய்தது. 2003இல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

எனினும் காவலைத் தளர்த்துவதற்கு ஒரு விலை உண்டு. உடலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சிறைவைத்திருக்கும் சுவருக்கும் டி.என்.எஃப் தேவை. இன்ஃப்ளிக்சிமாப் பெற்ற 70 பேருக்குக் காசநோய் கண்டதை 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. காசநோய் மிகுந்த நம் நாட்டில், இம்மருந்துக்கு முன் அந்நோய்க்கான சோதனை இன்றியமையாதது.

விலை இன்னொரு தடை. 2014இல் இந்திய நிறுவனமான சைடஸ், இதே வகையைச் சேர்ந்த அடாலிமுமாப் மருந்தின் ஒப்புமை வடிவத்தை வெளியிட்டபின் விலை இறங்கியது. இருப்பினும் கூலித் தொழிலாளிக்கு இன்றும் அது எளிதன்று. நல்வாய்ப்பாக, பலருக்கு அது தேவைப்படுவதுமில்லை. வாரம் ஒருமுறை மட்டும் கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் என்ற மலிவான மாத்திரையே முதல் மருந்து. அதற்கு அடங்காத நோய்க்கே எதிர்ப்பொருள் ஊசி.

இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை காலம். அரிக்கப்பட்ட மூட்டை எம்மருந்தும் பழைய நிலைக்குத் திருப்புவதில்லை. விரற்கணுக்கள் வீங்கி, காலையில் நெடுநேரம் விறைத்து, அது வாரக்கணக்கில் நீடிப்பின், 'வாயு' என்றும் வயதின் குற்றம் என்றும் தள்ளிவிடலாகாது. பெயரறியாத வலி மாத்திரைகளை நாடுவதும் ஆகாது. தறிக்கூடம் நடத்துவோரும், உதவிநிதி வைத்திருக்கும் ஊர் அமைப்புகளும், ஊசியின் செலவை எண்ணி மலைப்பதற்கு முன், முதற் சோதனைக்கு ஒரு நாள் விடுப்பும் பேருந்துக் கட்டணமும் தர முன்வரலாம். பல விரல்கள் அவ்வளவிலேயே காக்கப்படும்.