நெகிழ்வான வெப்பமிறுகு பிசின்

நெகிழ்வான வெப்பமிறுகு பிசின் என்பது, ஒருமுறை இறுகியபின் மீண்டும் உருகாத, எனினும் வளையவும் நீளவும் கூடிய செயற்கைப் பிசின் வகையாகும். எப்பாக்சி, பாலியூரித்தேன் ஆகியவற்றில் இவ்வகைப் பிசின்கள் உள்ளன. இவற்றின் மூலக்கூறுச் சங்கிலிகள் குறுக்குப் பிணைப்புகளால் ஒரே வலையாக இணைந்துள்ளன. அடுத்தடுத்த இரு பிணைப்புகளுக்கு இடைப்பட்ட சங்கிலியின் நீளம், பிசினின் நெகிழ்வைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணிகளுள் ஒன்றாகும்.

நெகிழ்வின் காரணம்

நீண்ட சங்கிலி இயல்பில் சுருண்டு கிடக்கும். இழுக்கும்போது சுருள் அவிழ்ந்து நீள்கிறது. விசையை நீக்கியதும் மீண்டும் சுருள்கிறது. சங்கிலி குட்டையானால் அவிழ்வதற்குச் சுருள் இல்லாததால் பிசின் விறைப்பாகிறது. இரப்பர் நிலையில், விறைப்புக் குணகம் பிணைப்புகளுக்கு இடைப்பட்ட சங்கிலியின் மூலக்கூறு எடைக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் அமையும். அதாவது, சங்கிலி இருமடங்கு நீண்டால் குணகம் பாதியாகக் குறையும்.

எடுத்துக்காட்டு

பிஸ்பீனால்-ஏ வகை எப்பாக்சியைப் பாலியீத்தர் டையமீன் கொண்டு இறுகச் செய்யலாம். இந்த அமீன்கள் ஒரே வகை அலகுகளால் ஆனவை. நீளத்தில் மட்டுமே பெரிதும் வேறுபடுகின்றன.

* மூலக்கூறு எடை 230: கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை ஏறத்தாழ 90 °செ. அறை வெப்பநிலையில் கடினமானது.
* மூலக்கூறு எடை 400: ஏறத்தாழ 50 °செ. கடினம் எனினும் உடையுந்தன்மை குறைவு.
* மூலக்கூறு எடை 2000: 0 °செ-க்கும் கீழே. அறை வெப்பநிலையில் இரப்பர் போன்றது.

கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்பது, அதற்குக் கீழே சங்கிலிகளின் அசைவு உறைந்து பொருள் கண்ணாடி போல் விறைக்கும் வெப்பநிலையாகும். எனவே, நெகிழ்வான பிசினும் கடுங்குளிரில் நெகிழ்வை இழக்கும்.

பாலியூரித்தேனிலும் இவ்வாறே. விறைப்பான நுரைக்குச் சில நூறு மூலக்கூறு எடையுள்ள பாலியால்களும், மெத்தை நுரைக்குப் பொதுவாக 3000 முதல் 6000 வரை உள்ளவையும் பயன்படுகின்றன.

பயனும் குறையும்

மின்னணுச் சுற்றுகளைப் பிசினில் பொதிக்கும்போது இத்தேர்வு முக்கியமாகிறது. வெப்பம் ஏறி இறங்கும்போது பிசின், மின்சுற்றுப் பலகையைவிட மிகுதியாக விரிந்து சுருங்கும். விறைப்பான பிசின் அந்த விசையைப் பற்றாசு இணைப்புகள் மீது செலுத்தி அவற்றில் வெடிப்பை உண்டாக்கக்கூடும். நெகிழ்வான பிசின் அவ்விசையைப் பெரிதும் குறைக்கிறது.

ஆனால், சங்கிலி நீளும்போது இழுவலிமை, வெப்பம் தாங்கும் திறன் ஆகியன குறைகின்றன. வலையின் இடைவெளி பெரிதாவதால் கரைப்பான்கள் எளிதில் உட்புகுந்து பிசினை உப்பச் செய்கின்றன.

தனியாகக் கலக்கப்படும் நெகிழ்வூட்டிகளும் பிசினை மென்மையாக்கும். எனினும் அவை வலையுடன் பிணையாததால் காலப்போக்கில் கசிந்து வெளியேறலாம். வலையின் பகுதியாகவே அமைந்த நீண்ட சங்கிலி அவ்வாறு வெளியேறுவதில்லை.