மலாக்காத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் ஆரம்பநிலை டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவுக்குரிய லென்ஸ்கள்

லென்ஸ் என்பது, காட்சிப் பொருளிலிருந்து வரும் ஒளிக்கதிர்களை ஒன்றுகூட்டிக் கேமராவின் உள்ளேயிருக்கும் சென்சாரின் மீது பிம்பமாக விழச் செய்யும் கண்ணாடிச் சாதனம். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வகைக் கேமராவில் இது கழற்றி மாற்றத்தக்கதாக இருப்பதால், கேமரா ஒன்றையே வைத்துக்கொண்டு, காஜா பேராங்கிலுள்ள கம்போங் செட்டியின் தாழ்ந்த வீட்டினுள்ளும், ஜாசின் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்தின் நடுவிலும், செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் மாசிமகத்தன்று கூடும் ஜனத்திரளிலும் படமெடுக்க இயலுகிறது. புதிதாகக் கேமரா வாங்குவோர் அதன் மெகாபிக்சல் கணக்கிலேயே மனத்தைச் செலுத்திவிட்டு, லென்ஸைப் பற்றி யோசிக்காமல் பெட்டியோடு வந்ததைக் கொண்டு திருப்தியடைந்துவிடுவது வழக்கம். ஆனால் மலாக்கா மாநிலத்தின் வெளிச்சமும் ஈரக்காற்றும் எத்தன்மையவை என்று அறிந்தவர்கள், கையிலுள்ள பணத்தின் பெரும்பகுதியை லென்ஸுக்கும் அதன் பாதுகாப்புக்குமே ஒதுக்குவர். அதுவே சரியான முறை.

சாமானியர் வாங்கத்தக்க விலையில் இவ்வகைக் கேமரா கிடைக்கத் தொடங்கியது 2003ஆம் ஆண்டில், கேனன் நிறுவனத்தார் ஈ.ஓ.எஸ். 300டி என்பதை வெளியிட்டபோது. நிக்கான் நிறுவனத்தாரின் டி40, 2006இல் வந்தது. இவற்றிலும் இவற்றின் வழிவந்தவற்றிலும் உள்ள சென்சார், பழைய 35 மி.மீ. பிலிம் சட்டத்தைவிடச் சிறியது. ஆகவே ஒரு லென்ஸின் குவியத் தூரத்தைக் கேனனில் 1.6ஆலும் நிக்கானில் 1.5ஆலும் பெருக்கிப் பார்த்தாலன்றி, அது பிலிம் கேமராவில் எவ்வளவு அகலமான காட்சியைத் தருமோ அதனோடு ஒப்பிட முடியாது. கேனனில் பொருத்திய 50 மி.மீ. லென்ஸ், பிலிம் கேமராவின் 80 மி.மீ. லென்ஸைப் போல நெருங்கிய காட்சியைக் காட்டும். இந்தக் கணக்கை அறியாமல், மேலைநாட்டுப் பழைய நூல்களில் 50 மி.மீ. லென்ஸே சர்வ காரியங்களுக்கும் உகந்தது என்றிருப்பதை நம்பி வாங்கியவர்கள், தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டு அறைக்குள் நின்று குடும்பத்தார் அனைவரையும் சட்டத்துக்குள் அடக்க முயலும்போது, முதுகு சுவரில் முட்டிய பின்னரே உண்மையை உணர்கிறார்கள்.

கேமராவோடு சேர்த்து விற்கப்படும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ், குறை கூறப்படுகிற அளவுக்கு இழிவானதன்று. 1781இல் தைவநாயகம் செட்டியார் எழுப்பிய பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அமைந்திருக்கும் ஜாலான் துக்காங் எமாஸ், ஆலயமும் பள்ளிவாசலும் சீனர் கோயிலும் அருகருகே நிற்கும் குறுகலான தெருத்தொகுதியைச் சேர்ந்தது. 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட பழைய நகரின் பகுதி அது. அத்தெருவில் பகல் வெளிச்சத்தில், 18 மி.மீ. முனையில் கட்டட முகப்பையும், 55 மி.மீ. முனையில் வாசலில் பூக்கட்டுபவரின் முகத்தையும் இந்த ஒரே லென்ஸ் செவ்வையாகவே பதிவு செய்யும். துவாரத்தை எஃப் 8 அளவுக்குக் குறுக்கிவிட்டால், இதற்கும் பன்மடங்கு விலையுள்ள லென்ஸுக்குமிடையே உள்ள வித்தியாசத்தைச் சாதாரணமாக அச்சிட்ட படத்தில் கண்டுபிடிப்பது அரிது. இதன் உண்மையான குறை வேறு: 55 மி.மீ. முனையில் இதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறவாது. துவார எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும் என்பதும், எஃப் 1.8 துவாரம் எஃப் 5.6 துவாரத்தைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும் என்பதும் இங்கே கருதத்தக்கவை.

இந்தப் பத்து மடங்கு தோட்டப்புறத்தில் எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மலாயாவில் வியாபார நோக்கோடு கித்தா (ரப்பர்) பயிரிட்ட முதல் தோட்டம், 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் 40 ஏக்கரில் நட்டது. அதிலிருந்து புக்கிட் அசாகான் முதலிய பெருந்தோட்டங்கள் தழைத்து, தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலம் இது. கித்தா பெரும்பாலும் செம்பனைக்கு இடம்விட்டு, லயங்களும் வெறுமையாகிவரும் இக்காலத்தில், பால்மரம் வெட்டுவோரைப் படமெடுத்து வைப்பது சரித்திரத்துக்குச் செய்யும் தொண்டாகும். ஆனால் குளிர்ந்த வேளையிலேயே பால் நன்கு சுரக்குமாதலால், வெட்டு விடியுமுன் தொடங்கிவிடுகிறது. மலேசிய நேரப்படி ஏழு மணி சுமாருக்கே சூரியோதயமாகும் மலாக்காவில், அந்த வேளையின் வெளிச்சமெல்லாம் வெட்டுபவரின் நெற்றியில் கட்டிய விளக்கிலிருந்து வருவதுதான். அவ்விளக்கொளியில் உளி பட்டையின் மேல் சரிவாக இறங்குகிறது. சுருளாகச் சீவல் உதிர்கிறது. வெட்டின் ஓரத்தில் வெண்மணிகளாகத் துளிர்த்த பால் ஒன்றுகூடிக் கோடாக ஓடித் தகரத் தாரை வழியே மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டுகிறது. எஃப் 1.8 துவாரமும் வினாடியில் 60இல் ஒரு பங்கு ஷட்டர் வேகமும் இந்தக் காட்சிக்குப் போதுமென்றால், அதே ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) அளவில் எஃப் 5.6 துவாரத்துக்கு வினாடியில் 6இல் ஒரு பங்கு நேரம் வேண்டும். அதற்குள் உளி பிடித்த கை நகர்ந்து வெறும் தீற்றலாகிவிடும். லென்ஸிலுள்ள அதிர்வுத் தடுப்பு, படமெடுப்பவரின் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யுமேயன்றி, எதிரே உள்ளவரின் அசைவை நிறுத்தும் சக்தி அதற்கு இல்லை. கேமராவின் பிளாஷைப் பயன்படுத்தினாலோ நெற்றி விளக்கின் ஒளி அழிந்து, அது எந்த வேளையில் எடுத்த படம் என்பதே தெரியாமற் போகும்.

ஆகையால் இரண்டாவதாக வாங்கவேண்டிய லென்ஸ், ஜூம் வசதியற்றதும் பெரிய துவாரமுடையதுமான பிரைம் லென்ஸே என்பதில் சந்தேகமில்லை. நிக்கானுக்கு 2009இல் வெளிவந்த டி.எக்ஸ். 35 மி.மீ. எஃப் 1.8 மிகப் பொருத்தமானது. கேனனுக்கு 2015இல் வந்த 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். மலிவும் கூர்மையும் உடையது; ஆயினும் சிறிய அறைகளிலே அதிகம் எடுப்பவர்களுக்கு 24 மி.மீ. எஃப் 2.8 சௌகரியமாயிருக்கும். நிக்கான் வாங்குவோர் ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். டி40 முதல் டி3500 வரையுள்ள ஆரம்பநிலைக் கேமரா உடல்களில் குவியமாக்கும் மோட்டார் கிடையாது. எனவே மோட்டார் உள்ளமைந்த லென்ஸ்களே அவற்றில் தாமாகக் குவியம் கொள்ளும். பழைய டி வகை 50 மி.மீ. லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், ஒவ்வொரு படத்துக்கும் வளையத்தைக் கையால் திருப்பவேண்டும். அதுவும் இக்கேமராக்களின் மங்கலான பார்வைத் துவாரத்தில் சிரமமான வேலை.

பெரிய துவாரத்துக்கு ஒரு கூலி உண்டு. ஒரு மீட்டர் தூரத்திலுள்ள முகத்தை 50 மி.மீ. லென்ஸால் எஃப் 1.8இல் எடுக்கும்போது, தெளிவாக விழும் ஆழம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. மூக்கு நுனியில் குவியம் விழுந்தால் கண்கள் மங்கிவிடும். ஆகவே நடுக் குவியப் புள்ளியைத் தேர்ந்து, அருகிலுள்ள கண்ணிமையின்மேலோ, தோட்டத்திலானால் விளக்கொளி நேராக விழும் வெட்டின் ஓரத்திலோ நிறுத்தி எடுப்பது நல்லது. மலாக்கா செட்டிகள் பொங்கலுக்கு முந்தைய நாள், மறைந்த முன்னோருக்கு வாழையிலையில் உணவு படைத்துச் செய்யும் பர்ச்சு பொங்கல், இத்தகைய சிறு வெளிச்சத்தில் நடக்கும் அந்தரங்கமான வழிபாடு. ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக இம்மண்ணில் வாழும் அச்சமூகத்தாரின் வீட்டுக்குள் அழைக்கப்பட்டவர், அனுமதி பெற்று, பிளாஷ் இன்றி, எஃப் 2 அல்லது 2.8இல், ஐ.எஸ்.ஓ.வை 1600 அல்லது 3200ஆக உயர்த்தி எடுக்கலாம். படத்தில் சற்று மணல்தன்மை தோன்றும். வழிபாட்டுக்கு இடையூறு செய்வதைவிட அது எவ்வளவோ மேல். கோயில்களில் கருவறையை நோக்கி லென்ஸைத் திருப்பலாகாது என்பது அனைவரும் அறிந்த மரியாதை.

டெலி லென்ஸ், அதாவது 55-250 மி.மீ. அல்லது 70-300 மி.மீ. ஜூம், பறவைகளுக்காகவே என்று பலர் எண்ணுகின்றனர். செம்பனைத் தோட்டத்தில் அதன் பிரதான உபயோகம் பாதுகாப்பாகும். நீண்ட கம்பின் நுனியில் பூட்டிய அரிவாளால் மட்டையையும், 20 கிலோவைத் தாண்டக்கூடிய குலையையும் அறுத்து வீழ்த்துகிறவரின் அருகில் போய் நிற்பது ஆபத்து. தொலைவில் நின்று 200 மி.மீ. முனையில் எடுத்தால் அவருக்கும் தொந்தரவில்லை. மாசிமகத்தில் காவடி எடுத்து வருவோரின் வழியை மறிக்காமல் முகபாவத்தைப் பதிவு செய்யவும் இதுவே துணை. 250 மி.மீ. முனையில் வினாடியில் 400இல் ஒரு பங்குக்குக் குறையாத வேகம் வேண்டுமென்பதை மறக்கலாகாது. 10-18 மி.மீ. போன்ற அதி அகல லென்ஸ்களைப் பற்றி விசேஷமாகச் சொல்ல அதிகமில்லை: மண்டபங்களுக்கு உதவும், முகங்களை விகாரப்படுத்தும், கடைசியாக வாங்கத்தக்கவை.

நடுப்பகலைப் பற்றிச் சொல்லவேண்டும். பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் இரண்டு பாகையிலேயே மலாக்கா இருப்பதால், மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் மத்தியிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். மற்ற மாதங்களிலும் உச்சிவேளையில் அதிகம் சாய்வதில்லை. அவ்வேளையில் புருவத்தின் நிழல் கண்குழியை இருட்டாக்கிவிடும். ஆளை லயத்தின் தாழ்வாரத்துக்கோ மர நிழலுக்கோ அழைத்துக்கொள்வதே பரிகாரம். செம்பனை ஓலையின் பளபளப்பைத் தணித்துப் பச்சையை ஆழமாக்கப் போலரைசர் ஃபில்டர் உதவும். ஆனால் அது ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுமாதலால் நிழலுக்குள் நுழைந்ததும் கழற்றிவிட வேண்டும்.

இனி, இந்த நாட்டில் லென்ஸுக்கு நேரும் பெரும்பகையாகிய பூஞ்சணம். காற்றின் ஈரப்பதம் நீண்டநாள் 65 விழுக்காட்டுக்கு மேல் நிலவினால் லென்ஸின் உட்புறத்தில் இது வேரூன்றும். மலாக்காவின் சராசரி ஈரப்பதமோ 80 விழுக்காட்டை ஒட்டியது. லென்ஸைக் கழற்றித் துவாரத்தை முழுதும் திறந்து, பின்புறமிருந்து கைவிளக்கைச் சரிவாகப் பாய்ச்சிப் பார்த்தால், கண்ணாடியின் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கிளைக்கும் மெல்லிய வெண்ணிற இழைகள் தெரியும். ஆரம்பத்தில் படத்தில் எந்தக் குறையும் தோன்றாது; நாளடைவில் இழைகள் சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால், துடைத்தெடுத்த பின்னும் வடு மாறாது. தோலுறையிலும் துணி அலமாரியிலும் லென்ஸைப் பூட்டி வைப்பது இதற்கு வரவேற்புக் கூறுவதாகும். மின்சார உலர்பெட்டி வாங்கி ஈரப்பதத்தை 40க்கும் 50க்கும் இடையே நிறுத்துவது உத்தமம். இயலாதவர்கள், காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, அதன் நிறம் மாறும்போது சூடேற்றி உலர்த்தித் திரும்பப் போடலாம். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவுடன் லென்ஸ் முழுதும் நீராவி படிந்துவிடுவதும் இந்த ஈரத்தின் விளைவே. கேமராவைப் பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டு, வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு எடுக்கவேண்டும். படிந்த நீரைத் துணியால் தேய்க்கக் கூடாது. அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவும் கூடாது.

பழைய லென்ஸ் வாங்குவோர் மேற்சொன்ன கைவிளக்குச் சோதனையை விற்பவர் முன்னிலையிலேயே செய்துகொள்வது நியாயமானது. குவிய வளையத்தில் இறுக்கமோ, துவாரத் தகடுகளில் எண்ணெய்ப் பசையோ இருந்தாலும் விலக்கிவிடலாம். கேனனும் நிக்கானும் 2018 முதல் உட்புறப் பிரதிபலிப்புக் கண்ணாடியற்ற (மிரர்லெஸ்) புதிய முழுச்சட்டக் கேமரா வரிசைகளுக்கு மாறிவிட்டமையால், எஸ்.எல்.ஆர். உடல்களும் அவற்றுக்குரிய லென்ஸ்களும் இப்போது மலிந்திருக்கின்றன. அவ்வாறு வாங்கிய லென்ஸ், உடல் பழுதடைந்த பின்னும் வீணாவதில்லை: கேனனின் இ.எஃப்., இ.எஃப்.-எஸ். லென்ஸ்கள் அந்நிறுவனத்தாரின் இணைப்பு வளையத்தின் மூலம் புதிய ஆர் வரிசையில் தானியங்கிக் குவியத்தோடு இயங்கும்; நிக்கானின் மோட்டார் உள்ளமைந்த லென்ஸ்கள் எஃப்.டி.இஸட். வளையத்தின் மூலம் இஸட் வரிசையிலும் அவ்வாறே பயன்படும்.