இருபது கிலோவின் வரலாறு

1984ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஓர் இரவு, மீனம்பாக்கம் விமான நிலையத்திலே ஒரு தராசின் முன் நான் நின்றுகொண்டிருந்தேன். லண்டன் மாநகருக்குப் படிக்கச் செல்லும் பிள்ளை என்று உற்றாரும் ஊராருமாகப் பத்துப் பேர் வழியனுப்ப வந்திருந்தனர். என் பெட்டியைத் தூக்கித் தராசின்மேல் வைத்ததும், முள் இருபதைக் கடந்து இருபத்தெட்டில் போய் நின்றது. மேசைக்கு அப்பால் இருந்த இளைஞர் தாளை எடுத்துக் கணக்குப் போட்டு ஒரு தொகையைச் சொன்னார். அஃது என் தந்தையாரின் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கியது.

"தம்பி, அத்தனையும் புத்தகந்தானே! கொஞ்சம் பார்த்து விடக் கூடாதா?" என்று கேட்டார் தந்தையார்.

"ஐயா, புத்தகமானாலும் புளியானாலும் தராசுக்கு எல்லாம் ஒன்றுதான்" என்றார் அந்த இளைஞர். கடுமையாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்.

எல்லோருடைய கண் முன்னும் பெட்டியைத் திறந்து, எட்டுக் கிலோ நூல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். தந்தையார் தம் தோளில் கிடந்த துண்டை விரித்து அவற்றை மூட்டையாகக் கட்டிக்கொண்டார். அன்று என் மனத்தில் எழுந்த வினா இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. இந்த இருபது கிலோ என்ற எல்லையை விதித்தவர் யார்? ஏன் இருபது? மாணவ அன்பர்களே, அவ்வினாவுக்கு விடை தேடிச் சென்றபோது, ஒரு சிறு நூற்றாண்டு வரலாறே என் முன் விரிந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கப்பலில் சென்ற நம் முன்னோர்க்கு இத்தொல்லை அவ்வளவாக இல்லை. இரும்புப் பெட்டி, படுக்கைச் சுருள், ஊறுகாய் ஜாடி என்று எதைக் கொண்டுசென்றாலும், ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கப்பல் அதைப் பொருட்படுத்துவதில்லை. விமானத்தின் நிலையோ வேறு. அது மண்ணைவிட்டு எழுவதற்கு ஓர் உச்ச எடை உண்டு. அவ்வெடையிலிருந்து விமானத்தின் சொந்த எடையைக் கழிக்க வேண்டும். எரிபொருளின் எடையைக் கழிக்க வேண்டும். எஞ்சுவதே ஆட்களுக்கும் அவர்தம் சுமைக்கும் உரியது. செல்ல வேண்டிய தூரம் மிகுந்தால் எரிபொருள் மிகும். எரிபொருள் மிகுந்தால் சுமை குறைய வேண்டும். வெயில் மிகுந்த நாளில் காற்று அடர்த்தி குறைந்து நிற்பதால், விமானம் தூக்கக்கூடிய எடையும் குறைந்துவிடும். சித்திரை மாதச் சென்னைக்கு இது நன்றாகவே பொருந்தும்.

நம் நாட்டு விமான வரலாறே சுமையிலிருந்துதான் தொடங்குகிறது. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா அவர்கள் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஒரு சிறு 'பஸ் மாத்' விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிவந்தார். வந்தவை தபால் மூட்டைகளே. ஆளைவிடக் கடிதம்தான் கிலோவுக்குக் கிலோ மிகுதியான வருவாய் தரும் என்பதை அக்காலத்து விமானக் கம்பெனிகள் நன்கு அறிந்திருந்தன. ஆட்கள் ஏறிய விமானங்களிலும், இங்கிலாந்தின் இம்பீரியல் ஏர்வேஸ் போன்ற கம்பெனிகள் பெட்டியை மட்டுமன்றிப் பிரயாணியையும் தராசில் ஏற்றி நிறுத்தன. கோட்டும் தொப்பியும் அணிந்த கனவான் ஒருவர் அரிசி மூட்டைபோல் தராசில் ஏறி நிற்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள்!

1929ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவில் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. பிரயாணிக்கோ பெட்டிக்கோ ஊறு நேர்ந்தால் கம்பெனி எவ்வளவு ஈடு தர வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. இந்தியாவில் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது நடைமுறைக்கு வந்தது. பெட்டியை வாங்கிக்கொள்ளும் கம்பெனி அதற்கு ஒரு சீட்டுத் தர வேண்டும் என்று அவ்வுடன்படிக்கை விதித்தது. சீட்டே தராமல் பெட்டியை வாங்கிக்கொண்டால், ஈட்டுத்தொகைக்கு உள்ள வரம்பைக் காட்டிக் கம்பெனி தப்பித்துக்கொள்ள முடியாது. பெட்டியின் கைப்பிடியில் இன்று ஒட்டப்படும் காகித நாடாவையும், உங்கள் கையில் தரப்படும் சிறு துண்டையும் வீண் காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள். அதன் பின்னே 1929ஆம் ஆண்டு நின்றுகொண்டிருக்கிறது.

அந்த வரம்பு எவ்வளவு என்பதுதான் சுவையான செய்தி. கிலோ ஒன்றுக்கு 250 பொன் பிராங்கு! ஒரு பிராங்கு என்பது ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் மாற்றுள்ள அறுபத்தைந்தரை மில்லிகிராம் தங்கம். கணக்கிட்டுப் பார்த்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 14¾ கிராம் தூய தங்கம் வரும். நம் வீட்டுப் பெண்கள் மொழியில் சொன்னால், நகைத் தங்கத்தில் இரண்டு பவுன். காணாமற்போன பெட்டியில் கிழிந்த சட்டையே இருந்தாலும், கிலோவுக்கு இரண்டு பவுன் வரை கேட்கலாம் என்று பொருள் கொள்ள வேண்டா. அஃது உச்ச வரம்பே, நட்டத்தை மெய்ப்பித்தாக வேண்டும். நாடுகளின் பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்தாலும் தங்கம் நிலைக்கும் என்று எண்ணியே அறிஞர்கள் இவ்வாறு எழுதிவைத்தார்கள்.

ஆனால் அந்தத் தங்கமே பின்னாளில் தகராறாயிற்று. அரசாங்கங்கள் தங்கத்துக்கு ஒரு விலையை நிர்ணயித்திருந்த காலம் 1970களில் முடிந்தது. 1980ஆம் ஆண்டு சனவரியில் சந்தை விலை அவுன்சுக்கு 850 டாலரைத் தொட்டது. இதற்கிடையே 1979இல் பிராங்க்ளின் மின்ட் என்ற நாணய நிறுவனம் பிலடெல்பியாவிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய நான்கு பொதிகள் தொலைந்துபோயின. எடை 714 ராத்தல். அவை பயணியின் பெட்டிகள் அல்ல, சரக்குப் பொதிகள். எனினும் இரண்டுக்கும் வரம்பு ஒன்றே. நிறுவனம் கேட்டது இரண்டரை இலட்சம் டாலர். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1984ஆம் ஆண்டு ஏப்ரலில், அதாவது நான் அந்தத் தராசின் முன் நின்றதற்கு ஐந்து மாதம் முன்பு, தீர்ப்பு வந்தது. அரசாங்கம் கடைசியாக நிர்ணயித்திருந்த பழைய விலையே செல்லும், ராத்தலுக்கு 9 டாலர் 7 சென்ட் மட்டுமே என்றது நீதிமன்றம். நாணயக்காரருக்குக் கிடைக்க உரியது 6,475 டாலரும் சில சென்டுகளும். தங்கத்தின் பெயரால் எழுதிய சட்டத்தில் தங்கத்தின் விலையே செல்லாமற்போனது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் 1999ஆம் ஆண்டு மாண்ட்ரீல் உடன்படிக்கை ஒரு முடிவு கட்டிற்று. இந்தியா அதில் 2009இல் சேர்ந்தது. கிலோக் கணக்கை அது விட்டொழித்தது. ஒரு பிரயாணிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டது. முதலில் 1,000 'சிறப்பு எடுப்புரிமை' என்ற பன்னாட்டுப் பண அலகாக இருந்தது, 2024ஆம் ஆண்டு டிசம்பர் 28 முதல் 1,519 ஆக உயர்ந்துள்ளது. ஏறத்தாழ இரண்டாயிரம் அமெரிக்க டாலர். பெட்டி சேதமுற்றிருந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். தாமதமாக வந்தால் இருபத்தொரு நாட்களுக்குள். வாயால் சொன்னது கணக்கில் சேராது. உரிமை இருந்தும் நாள் தவறியதால் வெறுங்கையோடு திரும்பியவர்களை நான் கண்டிருக்கிறேன். அத்தொகைக்கு மேற்பட்ட பொருள் பெட்டியில் இருந்தால், ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பை அறிவித்து, கேட்கும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தலாம். நகையையும் சான்றிதழையும் மருந்தையும் கையிலேயே வைத்துக்கொள்வது அதனினும் மேல்.

இனி என் இருபது கிலோவுக்கு வருகிறேன். 1945ஆம் ஆண்டு ஹவானா நகரில் விமானக் கம்பெனிகள் கூடிச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தை அமைத்தன. கட்டணங்களை அச்சங்கத்தின் மாநாடுகளில் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அரசாங்கங்கள் ஒப்புதல் அளித்தன. சாதாரண வகுப்புக்கு இருபது கிலோ, முதல் வகுப்புக்கு முப்பது கிலோ என்ற வழக்கம் பல பத்தாண்டுகள் உலகெங்கும் நிலவியது. மிகையான ஒவ்வொரு கிலோவுக்கும் முதல் வகுப்புக் கட்டணத்தில் நூற்றில் ஒரு பங்கு. கவனியுங்கள்: பிரயாணி அமர்வது சாதாரண வகுப்பில், அவன் பெட்டிக்கு வசூலிப்பதோ முதல் வகுப்பின் கணக்கில்! எந்தக் கம்பெனியில் சென்றாலும் விதி ஒன்றே என்பது அம்முறையின் நன்மை. வேறு புகலிடம் இல்லை என்பது அதன் கொடுமை.

அமெரிக்கா செல்லும் தடங்களில் மட்டும் 1970களில் வேறொரு முறை தோன்றியது. தராசுக்குப் பதிலாக எண்ணிக்கையும் அளவு நாடாவும் வந்தன. இரண்டு பெட்டிகள் கொண்டுசெல்லலாம்; ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது. ஒரு பெட்டிக்கு 32 கிலோ வரை இடங்கொடுத்திருந்தார்கள். பின்னர் சாதாரண வகுப்புக்கு அது 23 ஆகச் சுருங்கிற்று. ஒற்றைப் பெட்டி 32 கிலோவைத் தாண்டலாகாது என்ற விதி இன்றும் பல நிலையங்களில் உண்டு. அது கம்பெனியின் பேராசையன்று. விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து பெட்டிகளை அடுக்கும் தொழிலாளியின் முதுகெலும்பைக் காக்கும் விதி.

எல்லா விதியும் பணத்தைப் பற்றியதன்று என்பதை நான் உணர்ந்தது லண்டனில். 1985ஆம் ஆண்டு ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. மாண்ட்ரீலிலிருந்து லண்டன் வழியாகத் தில்லிக்கும் பம்பாய்க்கும் செல்லவிருந்த ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம், அன்று காலை அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறியது. 329 பேர் மாண்டனர். முந்திய நாள் வான்கூவர் நிலையத்தில் ஒருவன் ஒரு பெட்டியை ஒப்படைத்தான். டொராண்டோவில் விமானம் மாறும்போது அது தானாகவே ஏர் இந்தியாவுக்குச் சென்றுவிட வேண்டும் என்றான். அந்த விமானத்தில் அவனுக்கு இடம் உறுதியாகவில்லை. ஆகவே முடியாது என்று அங்கிருந்த பணியாளர் முதலில் மறுத்தார். அவன் வற்புறுத்தினான்; பின்னால் வரிசை நீண்டிருந்தது; பணியாளர் இணங்கிவிட்டார். பெட்டி சென்றது, அவன் விமானத்தில் ஏறவே இல்லை. டொராண்டோவில் பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவியும் அன்று பழுதாகிப்போனது. அதே நாளில், வான்கூவரிலிருந்து அனுப்பப்பட்ட மற்றொரு பெட்டி தோக்கியோவின் நரிதா நிலையத்தில் வெடித்து, சாமான் இறக்கிய தொழிலாளர் இருவரைக் கொன்றது. 1988இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேல் வெடித்த விமானத்திலும் உடையவன் இல்லாத பெட்டியே எமனாயிற்று.

ஆள் ஏறாவிட்டால் அவன் பெட்டியும் இறங்க வேண்டும் என்ற விதி அதன்பின் உலகெங்கும் இறுகியது. ஒருவர் வராததால் அவர் பெட்டியைத் தேடி இறக்குகிறார்கள் என்று அறிவிப்பு வரும்போது பிரயாணிகள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். நான் முணுமுணுப்பதில்லை. முன்பின் அறியாதவர் தரும் சிறு பொட்டலத்தை, எவ்வளவு மன்றாடினாலும், நான் வாங்குவதுமில்லை.

பெட்டிக்கே தனிக் கட்டணம் என்ற வழக்கம் மிக அண்மையது. 2006இல் ஐரோப்பாவின் மலிவுக் கட்டண விமானங்கள் அதைத் தொடங்கின. 2008இல் எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்ட கோடையில், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதற்பெட்டிக்கே 15 டாலர் என்றது, பிறவும் பின்தொடர்ந்தன. எண்ணெய் விலை இறங்கியது; கட்டணம் இறங்கவில்லை. அமெரிக்கக் கம்பெனிகள் பெட்டிகளால் ஈட்டிய வருவாய் 2007இல் 46 கோடி டாலர். 2023இல் 700 கோடி டாலருக்கு மேல். பெட்டி இலவசம் என்று பல்லாண்டு விளம்பரம் செய்துவந்த சவுத்வெஸ்ட் கம்பெனியும் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அதைக் கைவிட்டது. நம் நாட்டிலும் 2021 முதல், பெட்டி ஒப்படைக்காத பிரயாணிக்குக் குறைந்த கட்டணத்தில் சீட்டு விற்கக் கம்பெனிகளுக்கு அனுமதி உண்டு.

ஆகவே உலகுக்கெல்லாம் ஒரே விதி என்ற காலம் மறைந்தது. கம்பெனிக்கு ஒரு விதி, சீட்டுக்கு ஒரு விதி. மலிவான சீட்டு என்று வாங்குமுன், அதில் பெட்டிக்கு இடமுண்டா, எத்தனை கிலோ, எத்தனை உருப்படி என்று படித்துப் பாருங்கள். இரு கம்பெனிகளில் மாறிச் செல்வதாயின், இரண்டும் ஒரே சீட்டா, தனித்தனிச் சீட்டா என்று பார்ப்பது இன்றியமையாதது. தனிச் சீட்டானால், முதல் விமானம் முப்பது கிலோவை ஏற்றாலும் இரண்டாவது விமானம் பதினைந்துக்கு மேல் காசு கேட்கும். மிகை எடைக்கு முன்கூட்டியே பணம் கட்டினால் பெரும்பாலும் மலிவு. நிலையத்துத் தராசின் முன் நிற்கையில் பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இராது. கைப்பேசிக்கு மின்னேற்றும் தனி மின்கலத்தைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஒப்படைக்கும் பெட்டியில் வைத்தால், அது தீப்பற்றினால் அணைக்க ஆள் இல்லை.

என் நூல்களைப் பற்றிச் சொல்ல மறந்தேன். தந்தையார் அந்தத் துண்டு மூட்டையைப் பஸ்ஸில் ஊருக்குச் சுமந்துசென்று, தபாலாபீசில் விசாரித்து, இரண்டு பார்சல்களாகக் கட்டிக் கடல் தபாலில் அனுப்பினார். மூன்றரை மாதம் கழித்து, ஒரு பனிக் காலைப்பொழுதில் அவை என் அறை வாசலுக்கு வந்தன. உள்ளே ஒரு சீட்டில், ஒவ்வொரு பார்சலின் எடையையும் தபால் செலவையும் தம் கையால் எழுதிக் கூட்டிவைத்திருந்தார்.