புயல் கலக்கிய கடல்: ஆம்பூர் பாலத்திலிருந்து வங்கக்கடல் வரை

2021 நவம்பர் 19. வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தத் தேதி சட்டுனு மறக்காது. வங்கக்கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அன்று அதிகாலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவுல கரையைக் கடந்தது. பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து விழுந்து, குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தாங்க. வருஷத்தில் பாதி நாள் வெறும் மணலா கிடக்கிற பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல தண்ணீர் போச்சு.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. 1903 நவம்பரில் மேலே மைசூர் சமஸ்தானப் பகுதியில் ஏரிகள் உடைஞ்சு, பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியின் ஒரு பகுதியையே அழிச்சிட்டுப் போச்சு. அதனால புயல்னா நமக்கு ரெண்டே கணக்கு: எவ்வளவு சேதம், கிணற்றில் எவ்வளவு தண்ணி ஏறுச்சு.

ஆனா அந்தத் தண்ணி நம்ம பாலத்தைத் தாண்டி, கல்பாக்கம் பக்கத்தில் வயலூர்கிட்ட கடலில் சேருது. புயலோ கடலிலிருந்துதான் கிளம்பி வருது. அந்தக் கடலுக்குள்ள புயல் என்ன பண்ணிட்டு வருது? இந்தக் கேள்விக்கு வங்கக்கடலில் பதில் கிடைக்க ரொம்ப காலம் ஆச்சு. அந்தக் கதைதான் இந்த எபிசோட்.

புயல் ஆராய்ச்சியின் பழைய அத்தியாயம் ஒண்ணு இந்தக் கடலோரத்தில்தான் எழுதப்பட்டது. 'சைக்ளோன்' என்ற பெயரையே வைத்தவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். மாலுமிகளுக்காக அவர் எழுதிய கையேடு 1848-ல் வந்தது. அவரோட கவலை கப்பல்கள் பற்றியது: காற்று எந்தப் பக்கம் சுத்துது, கப்பலை எந்தப் பக்கம் திருப்பினா தப்பிக்கலாம். தண்ணிக்குக் கீழ நடக்கிறதைப் பார்க்க அன்னைக்கு வழியே இல்ல.

1960-களின் முதல் பாதியில் சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் நடந்தது. அதன் தொடர்ச்சியா 1966-ல் தேசிய கடலியல் நிறுவனம் உருவாச்சு. பிறகு நடந்த ஆய்வுகளில் ஒரு வித்தியாசம் திரும்பத் திரும்பத் தெரிஞ்சது. அரபிக்கடல் வளமா இருக்கு. வங்கக்கடலில் பிளாங்க்டன் குறைவு. இரண்டுமே ஒரே நாட்டோட ரெண்டு பக்கக் கடல்தான். அப்புறம் ஏன்?

பிளாங்க்டன்னா தண்ணியோட மிதக்கிற நுண்ணுயிர்கள். அதில் தாவர வகைக்கு ரெண்டு விஷயம் வேணும்: சூரிய வெளிச்சம், நைட்ரேட், பாஸ்பேட் மாதிரி சத்துகள். வெளிச்சம் மேல இருக்கு, சத்து ஆழத்தில் இருக்கு. வங்கக்கடலில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் வந்து நன்னீரைக் கொட்டுது. நன்னீர் லேசானது, உப்புத்தண்ணி மேல மூடி போட்ட மாதிரி மிதக்கும். சாதாரணக் காற்றால் அந்த மூடியைக் கலைக்க முடியாது. கோவாவில் பிரசன்ன குமார் குழுவினர் இதைத் தரவுகளோட விளக்கினது 2002-ல்தான்.

இப்ப புயல் வருது. டேனரியில் டிரம் சுத்தறதைப் பார்த்திருப்பீங்க. தோலும் தண்ணியும் மருந்தும் மேல கீழ புரண்டு ஒண்ணா கலக்கும். புயல் காற்று கடலின் மேல்மட்டத்தை அப்படித்தான் புரட்டும். அது மட்டும் இல்ல. காற்று ஓடுற திசைக்கு நேராகவே தண்ணி நகராது, பூமி சுழற்சியால் பக்கவாட்டில் விலகும் என்று ஸ்வீடன்காரர் எக்மன் 1905-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். புயலின் மையத்திலிருந்து தண்ணி வெளிப்பக்கம் விலக, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணி மேல வரும். புயல் மெதுவா நகர்ந்தா இந்த வேலை இன்னும் பலமா நடக்கும்.

இதை நேரில் காட்டினது 1999. அக்டோபர் 29-ஆம் தேதி ஒடிசா சூப்பர் புயல் பாராதீப் பக்கம் கரை ஏறியது. கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் தேசிய கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சென்னைக்கு அப்பால் உள்ள கடலில் பிளாங்க்டன் உற்பத்தி கூடியிருந்ததைப் பார்த்தாங்க. அந்தப் புயல்தான் இதைத் தூண்டியதுன்னு 2002-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினாங்க. இதுக்குள்ள கடலோட நிறத்தை வானத்திலிருந்தே அளக்கிற வசதியும் வந்தாச்சு. 1997-ல் அமெரிக்காவின் சீவிப்ஸ், 1999 மே மாதம் இஸ்ரோவின் ஓஷன்சாட்-1. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக்கடலில் வரும் பிளாங்க்டன் பெருக்கத்தைப் புயல்கள் தீவிரமாக்குதுன்னு பெங்களூர் ஐஐஎஸ்சி-யின் விநாயசந்திரனும் மேத்யூவும் 2003-ல் சொன்னாங்க. அதே வருஷம் தைவான் ஆய்வாளர்கள், 2000-ல் தென்சீனக் கடலில் ஒரு புயல் போன தடத்தில் பச்சையம் 30 மடங்கு கூடியதா கணக்கிட்டாங்க.

அப்போ புயல் நல்லதான்னு கேட்டா, அவசரப்பட வேண்டாம். இந்தப் பெருக்கம் சில நாள், மிஞ்சினா சில வாரம்தான். செத்த பிளாங்க்டன் கீழ இறங்கி அழுகும்போது ஆக்ஸிஜனைத் தின்னும். வங்கக்கடலின் நடு ஆழத்தில் ஏற்கனவே ஆக்ஸிஜன் ரொம்பக் குறைவு.

இங்கதான் நம்ம ஆறு கதைக்குள்ள வருது. புயல் ஆழத்திலிருந்து சத்தைத் தூக்கும். மழைவெள்ளம் கரையிலிருந்து வண்டலைக் கொண்டு வரும். பாலாறு வண்டலோட வேற என்ன கொண்டு போகுது? தோல் தொழில் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் கொஞ்சமாவோ முழுசாவோ பாழானதா 1996 ஆகஸ்ட் 28 தேதியிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செஞ்சிருக்கு. மாசுபடுத்தினவரே ஈடு கட்டணும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதின்னு சொன்ன தீர்ப்பு அது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் பாலாறு பற்றித் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. குரோமியம் மக்கிப் போகாது. சேற்றோட ஒட்டிக்கிட்டு, வெள்ளம் வரும்போது நகரும். மழை சமயம் பார்த்துக் கழிவைத் திறந்து விடுறாங்க, ஆத்துல நுரை பொங்குதுங்கிற புகாரும் வருஷா வருஷம் வருது.

இந்தத் தொழிலை நம்பித்தான் நம்மில் பல பேர் வீட்டில் அடுப்பு எரியுது. அதை மறந்துட்டுப் பேச முடியாது. ஆனா கடலில் எந்தப் புயல் எங்க கிளம்பும்னு முடிவு பண்றது நம்ம கையில் இல்ல. ஆத்துல என்ன கலக்கணும், என்ன கலக்கக் கூடாதுங்கிறது நம்ம கையில் இருக்கு. அடுத்த முறை வெள்ளம் பார்க்கப் பாலத்துக்குப் போனா, தண்ணியோட நிறத்தையும் கொஞ்சம் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.