புதுச்சேரியின் நீலத்துணி: கடல் கடந்த ஒரு நெசவின் வரலாறு

 

மானத்தை மறைக்கும் ஆடையைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக வல்ல அல்லாஹ் திருமறையின் ஏழாம் அத்தியாயத்தில் எடுத்துக் கூறுகிறான். அந்த அருட்கொடையைத் தறியில் உருவாக்கித் தொலைதூர முஸ்லிம்களுக்கும் அனுப்பிவைத்த ஊர் நம் புதுச்சேரி என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

1674இல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே பிரெஞ்சு வணிகக் குடியிருப்பை நிறுவியதற்கு முதன்மையான காரணம் துணியே ஆகும். சுற்று வட்டாரத்துக் கைக்கோளர் முதலிய நெசவாளர் குடும்பங்கள் முன்பணம் பெற்றுத் தறியில் அமர்ந்தன. வணிகர்கள் துணியைச் சேகரித்துக் கொடுத்தனர். துய்ப்ளேக்ஸ் காலத்தில் தலைமைத் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இவ்வணிகத்தின் பேரமும் பிணக்கும் விரிவாகப் பதிவாகியுள்ளன.

அத்துணிகளுள் புகழ்பெற்றது, பிரெஞ்சுக்காரர்கள் 'கினே' என்றழைத்த நீலத்துணி. ஆப்பிரிக்காவின் கினியாக் கடற்கரைக்கென அனுப்பப்பட்டதால் இப்பெயர். அவுரி நீலத்தைச் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தொட்டியில் நொதிக்க விடுவார்கள். அதில் தோய்த்தெடுத்த துணி முதலில் பச்சையாய்த் தோன்றிக் காற்றுப் பட்டதும் நீலமாய் மாறும். மீண்டும் மீண்டும் தோய்க்க, அது கருநீலமாகும்.

இத்துணி மரக்கலமேறிப் பிரான்ஸ் சென்று, அங்கிருந்து செனகல் ஆற்றங்கரையை அடைந்தது. அங்கே வாழ்ந்த மூர் இன முஸ்லிம்கள் இதைப் பெரிதும் விரும்பினர். தங்கள் பாலைவன ஓரத்து மரங்களின் பிசினைக் கொடுத்து நீலத்துணியை வாங்கினர். இத்தனை பிசினுக்கு இத்தனை துணி என்று விலை பேசப்பட்டதால், அந்த ஆற்றங்கரையில் துணியே நாணயமாய்ப் புழங்கிற்று. அப்பிசின் ஐரோப்பாவுக்குச் சென்று, அச்சுத் துணி செய்யும் ஆலைகளில் சாயத்தைக் கெட்டிப்படுத்த உதவியது. நெய்தவர் தமிழ்நாட்டு இந்துக்கள், விற்றவர் பிரெஞ்சுக் கிறிஸ்தவர்கள், உடுத்தியவர் ஆப்பிரிக்க முஸ்லிம்கள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. எனினும் ஒரே துணி மூவரையும் இணைத்தது.

இவ்வரலாற்றின் கறையையும் மறைத்தல் முறையன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இதே நீலத்துணி ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளாக மனிதரை விலைக்கு வாங்கவும் பயன்பட்டது. பிசினைச் சேகரித்தோருள்ளும் அடிமைகள் பலர் இருந்தனர். அவர்களை உடைமையாக வைத்திருந்தோர் நம் மார்க்கத்தவரே. நெய்த கைகள் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறிந்தே வாங்கி விற்றவர்களும் உடைமையாக்கிக் கொண்டவர்களும் மறுமையில் பதில் சொல்லியாக வேண்டும். பெருமையை மட்டும் பேசி இதனை விட்டுவிட்டால், நாம் சொல்வது வரலாறாகாது.

புகழ் பெற்ற பொருளுக்குப் போலி தோன்றுவது உலக இயல்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆலைகள் கினேயைப் போன்ற துணிகளைச் செய்து மலிவாக விற்றன. ஆனால் செனகல் கரையின் வாடிக்கையாளர்கள் துணியைத் தொட்டும் முகர்ந்தும் புதுச்சேரிச் சரக்கை இனங்கண்டனர் என்பர். தரம் குன்றாதிருக்க 1843இல் பிரெஞ்சு அரசே இத்துணி பற்றி ஆணை பிறப்பித்தது. துணி வணிகரான இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. குறையுள்ள ஓர் ஆடையைக் குறையைச் சொல்லாமலே கூட்டாளி விற்றுவிட்டார் என்பதறிந்து, அந்த வருவாயை இமாம் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

பின்னர் நூற்பாலைகளும் விசைத்தறிகளும் வந்தன. 1898இல் தொடங்கிய ரோடியர் ஆலை, பிற்காலத்தில் ஏ.எஃப்.டி. எனப் பெயர் பெற்றது. எட்டு மணி நேர வேலை முதலிய உரிமைகளுக்காகப் போராடிய தொழிலாளர்களுள் 12 பேர் 1936 ஜூலை 30ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டே அவ்வுரிமை சட்டமாயிற்று. அந்த ஆலையும் 2020இல் மூடப்பட்டது. பல தலைமுறைகளாக நம் ஊரை எழுப்பிய சங்கொலி ஓய்ந்தது.

ஆலைக்கு மூத்தது கைத்தறி. அது முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. ஆனால் தறியில் அமர இளைஞர் முன்வருவதில்லை. வருமானம் போதாதபோது அவர்களைக் குறை கூறுவதும் நியாயமாகாது. ஒரு தொழிலைப் புகழுரையால் காப்பாற்ற முடியாது. வாங்குவோர் இருந்தால்தான் நெய்வோர் இருப்பர்.

நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் யமன் நாட்டு வெண்பருத்தித் துணிகள் மூன்றில் கபனிடப்பட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். நம் ஜமாஅத்தில் மரணிக்கும் ஆணுக்கு மூன்று துணியும் பெண்ணுக்கு ஐந்து துணியும் எப்படியும் தேவை. அந்த வெள்ளைத் துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் மொத்தமாய் வாங்கிப் பள்ளிவாசலில் இருப்பு வைத்தால் என்ன? துயருற்ற வீட்டார் கடைதேடி அலைய வேண்டியதில்லை. தறிக்கும் தவறாத வேலை கிடைக்கும். ஆடம்பரம் கூடாத கபனுக்கு எளிய கைத்தறியே ஏற்றது. பெருநாட்களுக்குக் குடும்பத்துக்கொரு கைத்தறி ஆடை என்பதும் இயலாத காரியமன்று. பழைய துணி வணிகக் கணக்கேடுகளும் கடிதங்களும் எவர் வீட்டிலேனும் இருப்பின், அவற்றைக் காகிதக் கடைக்குப் போடாமல் நிர்வாகக் கமிட்டியிடம் காட்டுமாறு வேண்டுகிறேன்.

நம் முன்னோர் காலத்துத் தறியின் துணி முன்பின் அறியாத சகோதரர்களின் உடலைப் போர்த்தியது. நம் கடைசி ஆடையேனும் நம் ஊர்த் தறியிலிருந்து வரட்டும். கபனுக்கு முன்பாகவே இறையச்சம் என்னும் ஆடையை அணிந்து கொள்ளும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.