காயலான் கடையில் பிறந்த மவுண்டன் பைக்

அக்கவுண்டன்சி வகுப்பில் தேய்மானம் படித்திருப்போம். வருடம் போகப் போக பொருளின் மதிப்பு குறைந்துகொண்டே வரும். மவுண்டன் பைக் கதை இதற்கு நேர் எதிர்!

1970களில் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டி இளைஞர்கள் 1930, 40களின் பழைய ஷ்வின் சைக்கிள்களை அற்ப விலைக்கு வாங்கி, பழுது பார்த்து, மலைச்சரிவில் ஓட்டினார்கள். 1976இல் பந்தயமே தொடங்கியது. ஒரே இறக்கத்தில் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகையாகிவிடும். மறுபடி அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். பழைய ஃபிரேம்கள் அடி தாங்காமல் போகவே, 1977இல் ஜோ பிரீஸ் குரோமாலி எஃகுக் குழாயில் புதிதாகவே செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் ஜப்பானில் மொத்தமாகத் தயாராகி விற்பனைக்கு வந்தது.

அந்தக் காலத்து ஃபிரேம் கையில் கிடைத்தால் உடனே பெயிண்டைச் சுரண்டாதீர்கள் நண்பர்களே. பெடல் அச்சுக்கு அடியில் பொறித்த எண், குழாயில் ஒட்டிய ஸ்டிக்கர் இரண்டையும் முதலில் போட்டோ எடுங்கள். பின்சக்கரம் மாட்டும் இடைவெளியை அளந்து பாருங்கள். பின்னாளில் 135 மி.மீ. வழக்கமானது, குறைவாக இருந்தால் இன்னும் பழையதாக இருக்கலாம். எஃகு என்பதால் விரிசலைக்கூடப் பற்றவைத்துவிடலாம். துருவை அப்புறம் எடுக்கலாம். சுரண்டிப் போட்ட ஸ்டிக்கரை எங்கே போய்த் தேடுவது?