சூப்பர் பாண்டரோசா பிறந்த கதை

பாவூர்சத்திரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். குற்றாலச் சீசனுக்கு அந்த அடிவாரம் போகிற எல்லோர் கையிலும் இன்று கேமரா இருக்கிறது. அருவிக்கரைக் குரங்குக்குப் பழத்தை நீட்டி, அது வாங்க வரும் நேரம் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். காட்டு விலங்கைப் படம்பிடிப்பதைக் கலையாகவே வளர்த்த ஒருவர் நம் நெல்லைச் சீமையில் பிறந்தவர் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் மா. கிருஷ்ணன். அவர் தாமே உருவாக்கிய கேமராவுக்கு வைத்த பெயர் சூப்பர் பாண்டரோசா.

1912 ஜூன் 30-ல் திருநெல்வேலியில், எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். அப்பா, ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையா. 1925-ல் அவர் காலமானபோது கிருஷ்ணனுக்கு வயது 13. பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பைசனோடு நீலகிரி, கொடைக்கானல் என்று செடி கொடி பார்க்கப் போனார். பேராசிரியரின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். கேமராவுக்கு முன்பே தூரிகை பழகிய கண் அது. அவர் எடுத்த யானைப் படங்களில் உடம்பின் கோடும் நிழலும் அப்படி விழுவதற்கு இந்தப் பயிற்சிதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

1942-ல் இன்றைய கர்நாடகத்தில் உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி என்று பல பொறுப்புகள் பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் படத்தையும் நம்பியே வாழ்ந்தார்.

ருஷ்யாவில் புரோகுதின்-கோர்ஸ்கி என்ற புகைப்படக்காரர் தம் நாட்டை வண்ணத்தில் படமெடுக்கக் கிளம்பியபோது, இருட்டறை வைத்த ரயில் பெட்டியையே ஜார் மன்னர் கொடுத்தார். கிருஷ்ணனுக்கு அப்படிக் கொடுக்க யார் இருந்தார்கள்? காட்டுக்குள் வெளிச்சம் குறைவு. விலங்கோ தூரத்தில் நிற்கும். அதற்கு நீண்ட லென்ஸ் வேண்டும். படத்தைப் பெரிதாக்கும்போது தோலின் சுருக்கம்வரை தெரிய வேண்டுமானால் பிலிமும் பெரிதாக இருக்க வேண்டும். அவர் ஒரு கம்பெனியின் கேமரா உடலை எடுத்தார், இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸை அதில் பொருத்தினார், மிச்ச உறுப்புகளையும் தாமே இணைத்துக்கொண்டார். பிறந்தது சூப்பர் பாண்டரோசா. பெரிய, கனத்த கருவி. அதைப் பார்த்து வியந்து எழுதியவர் இயற்கை ஆர்வலர் ஈ. பி. ஜீ. வண்ணப் பிலிம் வந்து ஊரெல்லாம் அதன்பின் ஓடியபோதும் கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையை விடவில்லை.

1950-ல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் தொடங்கிய அவருடைய இயற்கைப் பத்தி 46 ஆண்டுகள் வந்தது. 1968-ல் நேரு ஃபெலோஷிப் கிடைக்க, தீபகற்ப இந்தியக் காடுகளின் பெரிய பாலூட்டிகளைத் தேடி ஆராய்ந்தார். 1970-ல் பத்மஸ்ரீ. 1996 பிப்ரவரி 18-ல் காலமானார். கடைசிப் பத்தியும் அன்றைக்கே வெளியானது.

தமிழிலும் எழுதினார். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ அந்தக் கட்டுரைகள்தான். தென்காசிப் பக்கத்துப் பள்ளி நூலகங்கள் ஒவ்வொன்றிலும் அந்தப் புத்தகம் இருக்க வேண்டும். ஆசிரியர்களே, இந்த ஆண்டே வாங்கி வையுங்கள். அடுத்த சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்களே, குரங்குக்குப் பழம் நீட்டாமல், அது தன் போக்கில் இருப்பதைத் தள்ளி நின்று படம் எடுங்கள்.